அப்பா அம்மாவோட கிரீன் கார்டை சரண்டர் பண்ணிட்டு, பின்னாடி மறுபடி அப்ளை பண்ண முடியுமா?

நீங்க எழுதியிருக்கறதை நான் புரிஞ்சுகிட்ட மாதிரி ஒரு தடவை சொல்லிடறேன். அப்பாவுக்கு 73, அம்மாவுக்கு 68. நீங்க டெக்சாஸ்ல இருக்கீங்க, சிட்டிசன். 2021 செப்டம்பர்ல ரெண்டு பேருக்கும் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்தீங்க, அவங்களுக்கு அந்த ஊர் ஒத்துவரல, இப்ப 14 மாசமா தஞ்சாவூர் வீட்லயே இருக்காங்க. கார்டை சரண்டர் பண்ணிட்டு விசிட்டர் விசா எடுத்துக்கலாமா, ஒரு தடவை வேணாம்னு கொடுத்தா பிளாக்லிஸ்ட்ல போட்டுடுவாங்களான்னு கேக்கறீங்க. ஆனா உங்க மனசுல இருக்கற கேள்வி கடைசி வரியில தான் இருக்கு, "நாளைக்கு ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் தனியா நின்னா என்ன பண்ணுவேன்"னு எழுதியிருக்கீங்களே, அதுதான். அதை வச்சே பதில் சொல்றேன், மத்ததெல்லாம் அதுக்குள்ளயே வந்துடும்.

நான் வக்கீல் இல்ல. நியூ ஜெர்சில ஒரு இமிக்ரேஷன் வக்கீல் ஆபீஸ்ல 16 வருஷமா பாராலீகலா (வக்கீலுக்கு உதவியா பேப்பர் வேலை பாக்கறவரா) இருக்கேன், அதுல பாதி ஃபைல் நம்ம ஊர் அப்பா அம்மாக்களோடது தான். சட்டத்துல இருக்கறதை சட்டம்னு சொல்றேன், நான் பாத்ததை பாத்ததுன்னு சொல்றேன், ஆபீசர் கையில இருக்கறதை அப்படியே சொல்லிடறேன். உங்க பேப்பரையெல்லாம் நான் பாக்கல, அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் காசு கொடுத்து பேசிடுங்க.

முதல்ல உறுதியான விஷயம். தானா முன்வந்து கிரீன் கார்டை திருப்பிக் கொடுத்ததுக்காக மறுபடி தரமாட்டோம்னு அமெரிக்க சட்டத்துல எங்கயும் கிடையாது. பிளாக்லிஸ்ட்டும் இல்ல, இத்தனை வருஷம் காத்திருக்கணும்னும் இல்ல. ஐ-407னு ஒரு சின்ன ஃபார்ம், ஃபீஸ் கிடையாது, அதுல கையெழுத்து போட்டு கார்டையும் சேத்து அனுப்பினா ஸ்டேட்டஸ் முடிஞ்சுது, அவ்வளவுதான். பின்னாடி வேணும்னா நீங்க மறுபடி ஐ-130 (குடும்பத்தாருக்காக போடற கிரீன் கார்டு மனு) போட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். 21 வயசு தாண்டின சிட்டிசன் பிள்ளையோட அப்பா அம்மாவுக்கு வருஷ கோட்டாவே கிடையாது, 1965 சட்டத்துலேருந்து அப்படித்தான் இருக்கு, அதனால வரிசையில நிக்க வேண்டிய அவசியம் இல்ல, பேப்பர் நகர்ற நேரம் மட்டும் தான். எங்க ஆபீஸ்ல பாத்த வரைக்கும் ஐ-130 போட்டதுலேருந்து மும்பைல விசா கையில கிடைக்கற வரைக்கும் 1 வருஷத்துக்கு மேல ஆகும், சிலருக்கு 2 வருஷத்தை தொட்டிருக்கு.

இதைப் படிக்கிற வேற யாரும் இதையே தங்களுக்கும்னு எடுத்துக்க வேணாம். வேலை மூலமா ஈபி-2, ஈபி-3ல வாங்கின கார்டு, அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி மூலமா எஃப்-4ல வாங்கின கார்டுன்னா கதையே வேற. அதுல இந்தியாவுக்கான வரிசை பத்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல நீளுது, திருப்பிக் கொடுத்துட்டு 50 வயசுல மறுபடி ஆரம்பிச்சா வாழ்நாள்ல கிடைக்குமான்னே சொல்ல முடியாது. உங்க வீட்டு விஷயத்துல "மறுபடி"ங்கற வார்த்தைக்கு அர்த்தம் இருக்குன்னா அது நீங்க சிட்டிசனா இருக்கறதால மட்டும் தான். கிரீன் கார்டு வச்சிருக்கற பிள்ளையால அப்பா அம்மாவுக்கு மனுவே போட முடியாது.

இப்ப அந்த 14 மாசத்துக்கு வரேன், இதுல தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய் தலையை காட்டிட்டு வந்தா போதும்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு இருக்கு, அப்படி ஒரு சட்டம் கிடையாது. 180 நாளுக்கு மேல வெளியில இருந்துட்டு வந்தா புதுசா உள்ள வர்றவரை விசாரிக்கற மாதிரி விசாரிக்கலாம், 1 வருஷம் தாண்டிட்டா அந்த கார்டை மட்டும் காட்டி உள்ள வர முடியாது. ரெண்டு கணக்குக்கும் அடியில இருக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணு தான், இவங்க குடியிருக்கற இடம் அமெரிக்காவா, இல்ல அமெரிக்காவுக்கு வந்து போறவங்களா. வீடு, பேங்க், டாக்டர், டேக்ஸ் ரிட்டர்ன், திரும்பி வர டிக்கெட், எல்லாத்தையும் வச்சு அதை எடை போடறாங்க. போறதுக்கு முன்னாடியே ஐ-131 போட்டு ரீ-என்ட்ரி பர்மிட் வாங்கியிருந்தா 2 வருஷம் வரைக்கும் தைரியமா இருக்கலாம், ஆனா அதை அமெரிக்க மண்ணுல இருக்கும்போது தான் அப்ளை பண்ண முடியும், தஞ்சாவூர்ல உக்காந்துகிட்டு இப்ப கேட்டா நடக்காது.

இன்னொரு வழி எஸ்பி-1னு ஒரு விசா, திரும்பி வர்ற ரெசிடென்டுக்கானது. திரும்பி வரணும்னு தான் போனோம், ஆனா எங்க கையை மீறின காரணத்தால தங்க வேண்டியதா போச்சுன்னு நிரூபிக்கணும். அப்பாவுக்கு நடுவுல பைபாஸ் நடந்துது, டாக்டர் பயணம் கூடாதுன்னு எழுதிக் கொடுத்தாருங்கற மாதிரி இருந்தா முயற்சி பண்ணலாம். நீங்க எழுதியிருக்கறது அப்படி இல்ல, குளிர் தாங்கல, பேச ஆள் இல்ல, கோயிலுக்கு போக கூட உங்க கார் வேணும், அதனால திரும்பி வந்துட்டாங்க. அதுல எந்த தப்பும் இல்ல, ஆனா அதுக்கு எஸ்பி-1 கிடைக்காது. டாக்டர் லெட்டர் ஏற்பாடு பண்ணிக்கலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க. பொய் சொல்லி மாட்டினா அது வாழ்நாள் தடை, அதுக்கப்புறம் "மறுபடி"ங்கற பேச்சே இல்ல.

சரண்டரை பத்தி இவ்வளவு விரிவா நான் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. கொஞ்ச வருஷம் முன்னாடி கும்பகோணம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா, பேரன் பூணூலுக்காக 16 மாசம் கழிச்சு தனியா வந்தாங்க. ஏர்போர்ட்ல உள்ள கூட்டிட்டு போய் மூணு மணி நேரம் உக்கார வச்சு, ஒரு பேப்பர்ல கையெழுத்து கேட்டிருக்காங்க. அது ஐ-407னு அவங்களுக்கு தெரியாது, கையெழுத்து போட்டா பையனைப் பாக்க விடுவாங்கன்னு நினைச்சு போட்டுட்டாங்க. அது தானா முன்வந்து போட வேண்டிய ஃபார்ம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது, மாட்டேன்னு சொன்னா இமிக்ரேஷன் ஜட்ஜ் முன்னாடி விசாரணை கேக்கற உரிமை அவங்களுக்கு இருந்துது, அங்க ஸ்டேட்டஸ் போயிடுச்சுன்னு நிரூபிக்க வேண்டியது அரசாங்கம் தான். பையன் மறுபடி ஐ-130 போட்டாரு, ஒன்றரை வருஷம் கழிச்சு அவங்க திரும்ப கிரீன் கார்டோட வந்தாங்க. அதாவது மறுபடி கிடைச்சுது, ஆனா அந்த மூணு மணி நேரத்தை அவங்க இன்னிக்கும் மறக்கல, அந்த பயத்துல ரொம்ப நாள் பாஸ்போர்ட்டையே எடுக்கல.

அதுக்காக எப்பவுமே கையெழுத்து போடாம சண்டை போடுங்கன்னும் நான் சொல்லமாட்டேன். ஜட்ஜ் முன்னாடி போய் தோத்து, ரிமூவல் ஆர்டர் (நாட்டை விட்டு வெளியேத்தற உத்தரவு) கைக்கு வந்துட்டா, ஏர்போர்ட்ல வந்து இறங்கினவங்களுக்கு பொதுவா 5 வருஷம் உள்ள வர தடை. சரண்டர் பண்ணினா தடை இல்ல, ஆர்டர் வாங்கினா தடை உண்டு, இந்த வித்தியாசம் 73 வயசுல ரொம்ப பெருசு. குடும்பமா பேசி முடிவு பண்ணி, ஊர்ல இருந்தே அமைதியா கொடுக்கறதுக்கும் ஏர்போர்ட்ல மிரண்டு போய் கொடுக்கறதுக்கும் ஃபார்ம் ஒண்ணு தான், அனுபவம் ஒண்ணு இல்ல.

நிறைய பேருக்கு தெரியாத இன்னொண்ணு, அப்பாவும் அம்மாவும் ஒரே மனுவுல வந்தவங்க இல்ல. நீங்க தனித்தனியா ரெண்டு ஐ-130 போட்டிருப்பீங்க, ஏன்னா இந்த வகையில ஒருத்தரோட இன்னொருத்தர் ஒட்டிக்கிட்டு வர முடியாது. அதனால சரண்டர் பண்றதும் தனித்தனி முடிவு தான், அப்பா கொடுத்துட்டாருங்கறதுக்காக அம்மாவோடது போகாது. அம்மாவுக்கு உங்ககூட இருக்க கொஞ்சம் ஆசை இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அவங்களும் 14 மாசம் வெளியில இருக்கறதால அவங்க கார்டும் ஆட்டத்துல தான் இருக்கு, ஆனாலும் அவங்களை தனியா கேளுங்க. நம்ம வீடுகள்ல அப்பா ஒரு முடிவு எடுத்தா அம்மா தலையாட்டிடுவாங்க, ஐ-407ல அவங்க போடற கையெழுத்து அவங்களோடதா இருக்கணும்.

அடுத்தது விசிட்டர் விசா, இது உறுதி இல்லாத பக்கம். கிரீன் கார்டை கையில வச்சுகிட்டே விசிட்டர் விசா கேக்க முடியாது, முதல்ல ஐ-407, அப்புறம் தான் டிஎஸ்-160ங்கற விசா அப்ளிகேஷன். அந்த ஃபார்ம்லயே இதுக்கு முன்னாடி நிரந்தரவாசியா இருந்தீங்களா, உங்களுக்காக யாராவது இமிக்ரன்ட் மனு போட்டிருக்காங்களான்னு ரெண்டு கேள்வி இருக்கும், ரெண்டுக்கும் ஆமான்னு உள்ளதை உள்ளபடி எழுதணும். தானா திருப்பிக் கொடுத்தவங்க ஊர்லயே இருக்க விரும்பறவங்கன்னு ஆபீசர்கள் எடுத்துக்கறதை நான் நிறைய பாத்திருக்கேன், அது உங்களுக்கு சாதகம் தான். ஆனாலும் 214(பி)ங்கற பிரிவுப்படி விசா கேக்கற ஒவ்வொருத்தரும் அங்கயே தங்கிடுவாங்கன்னு தான் ஆபீசர் ஆரம்பிப்பாரு, இல்லன்னு நாம தான் காட்டணும். கொடுப்பாங்கன்னு யாராலயும் எழுதிக் கொடுக்க முடியாது. கார்டு போயி, விசா இன்னும் வராத அந்த இடைவெளியில அவங்க அமெரிக்கா வரவே முடியாது, இன்டர்வியூ தேதிக்கே மாசக்கணக்குல ஆகலாம். உங்க வீட்ல பிரசவமோ கல்யாணமோ அடுத்த ஒரு வருஷத்துக்குள்ள இருந்தா, சரண்டரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்த தேதியை காலண்டர்ல வச்சுப் பாருங்க.

இப்ப டேக்ஸ். இதை யாரும் கேக்கறதில்ல, ஆனா எனக்கு இதுல தான் ரொம்ப கவலை. கார்டு வீட்ல பீரோல இருந்தாலும், ஏன், அச்சடிச்ச தேதி காலாவதியானாலும், ஐ-407 போடற வரைக்கும் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் கண்ணுல அவங்க அமெரிக்க ரெசிடென்ட் தான். அப்பாவோட பென்ஷன், ஃபிக்சட் டெபாசிட் வட்டி, வயல் குத்தகை, எல்லாத்துக்கும் கணக்கு காட்டணும். இந்திய பேங்க் கணக்கெல்லாம் சேத்து வருஷத்துல ஒரு நாளாவது 10,000 டாலர் தாண்டியிருந்தா எஃப்பாருங்கற வெளிநாட்டு பேங்க் கணக்கு அறிக்கையும் போட்டிருக்கணும். 8 வருஷ கணக்கு ஒண்ணு இதுல இருக்கு, கடைசி 15 டேக்ஸ் வருஷத்துல 8 வருஷம் கிரீன் கார்டு வச்சிருந்தவங்க அதை விடும்போது எக்ஸ்பேட்ரியேஷன் டேக்ஸ் (ஸ்டேட்டஸை விட்டுட்டு போறவங்களுக்கான வரி) சட்டத்துக்குள்ள வந்துடறாங்க. ஒரு வருஷத்துல ஒரு நாள் கார்டு இருந்தாலும் அது முழு வருஷம். உங்க அப்பா அம்மாவுக்கு 2021 ஒண்ணு, 2022 ரெண்டுன்னு எண்ணிகிட்டே போனா 2028 ஜனவரி 1ல எட்டாவது வருஷம் பிறந்துடும். விடறதா இருந்தா 2027 டிசம்பருக்குள்ள விடுங்க.

8 வருஷம் ஆனா என்ன ஆயிடும், எங்ககிட்ட என்ன கோடியா இருக்குன்னு அப்பா கேப்பாரு. சொத்து 20 லட்சம் டாலருக்கு மேல இருந்தா தான் மாட்டுவோம்னு எல்லாரும் நினைக்கறாங்க, அது ஒரு நிபந்தனை தான். கடைசி 5 வருஷம் டேக்ஸ் சட்டப்படி எல்லாம் சரியா செஞ்சிருக்கேன்னு 8854 ஃபார்ம்ல சத்தியம் பண்ணி கையெழுத்து போட முடியலன்னா, வெறும் பென்ஷன்காரரா இருந்தாலும் அதே வகையில சேத்துடுவாங்க. அப்படி சேந்தவரோட கையில பெருசா ஒண்ணும் வாங்கமாட்டாங்க, விற்காத சொத்தோட லாபத்துல 8 லட்சம் டாலருக்கு மேல விலக்கு இருக்கு. ஆனா பின்னாடி அவர் அமெரிக்காவுல இருக்கற பிள்ளைக்கு எழுதி வைக்கற வீட்டுக்கும் நிலத்துக்கும், ஒரு சின்ன வருஷ விலக்கு போக, வாங்கற பிள்ளை 40 சதவீதம் வரி கட்டணும், வரிச் சட்டம் பிரிவு 2801ல இருக்கு, அதுக்கான இறுதி விதிகள் 2025 ஜனவரில வந்துடுச்சு. தஞ்சாவூர் வீட்டை அப்பா உங்களுக்கு எழுதி வைக்கறப்ப இது உங்க தலைல வந்து விழக்கூடாது. ரிட்டர்ன் போடாம விட்டிருந்தா, முதல்ல ஒரு நல்ல சிபிஏகிட்ட (அமெரிக்க ஆடிட்டர்) போய் பழசை சரி பண்ணுங்க, அப்புறம் ஐ-407. விடற வருஷத்துக்கு டூயல் ஸ்டேட்டஸ் ரிட்டர்ன் (வருஷத்துல கொஞ்சம் ரெசிடென்டா, மீதி ரெசிடென்ட் இல்லாதவரா காட்டற கணக்கு) போட வேண்டியிருக்கும், அதையும் அவரே பாத்துக்கட்டும்.

சரி, ஒருத்தர் தனியா நிக்கற நாள். சட்டப்படி கதவு திறந்து தான் இருக்கும், ஆனா அந்த கதவோட சாவி நீங்க. மனு போட நீங்க உயிரோட, சிட்டிசனா இருக்கணும், வறுமைக்கோட்டு அளவுல 125 சதவீதம் வருமானம் காட்டி ஐ-864 (அவங்க செலவுக்கு நான் பொறுப்புன்னு கொடுக்கற உறுதி) போடற நிலைமைல இருக்கணும். (முதல் தடவை போட்ட ஐ-864 பொறுப்பு, அவங்க ஸ்டேட்டஸை விட்டுட்டு நாட்டை விட்டு போனதும் முடிஞ்சிடும், புதுசா தான் போடணும்.) கூடப்பிறந்தவங்க யாராவது சிட்டிசன் ஆகற வாய்ப்பு இருந்தா அவங்களையும் தள்ளிப் போடாம ஆகச் சொல்லுங்க, ரெண்டாவது சாவி ஒண்ணு வீட்ல இருக்கட்டும். இன்னொண்ணும் சொல்லணும், இன்னிக்கு இருக்கற சட்டம் அன்னிக்கும் இருக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. 2017ல செனட்ல வந்த ரெய்ஸ் சட்ட மசோதா அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டையே எடுத்துட்டு தற்காலிக விசா மட்டும் கொடுக்கலாம்னு சொல்லுச்சு. அது நிறைவேறல, ஆனா யோசனை யாரோ ஒருத்தர் மேஜைல இருக்கு.

அந்த ஒன்றரை வருஷம் காத்திருக்கும்போது தனியா இருக்கற அம்மாவை யார் பாத்துக்கறதுங்கறது சட்டக் கேள்வி இல்ல, ஆனா அதை இப்பவே யோசிச்சு வைங்க. விசிட்டர் விசாவுல கூட்டிட்டு வந்து இங்கயே ஸ்டேட்டஸ் மாத்திக்கலாமேன்னு கேப்பாங்க. முறையா விசாவுல உள்ள வந்த சிட்டிசனோட அம்மாவுக்கு இங்கயே ஐ-485 (அமெரிக்காவுக்குள்ள இருந்தே போடற கிரீன் கார்டு அப்ளிகேஷன்) போட சட்டம் இடம் கொடுக்குது, நெஜம் தான். ஆனா வரும்போதே தங்கறதுக்குன்னு முடிவு பண்ணிட்டு ஏர்போர்ட்ல சும்மா பாக்க வந்தேன்னு சொன்னா அது பொய், வந்த 90 நாளுக்குள்ள அப்ளை பண்ணினா முதல்ல அந்த சந்தேகம் தான் வரும். வந்த பிறகு நிலைமை நெஜமாவே மாறினது வேற, அந்த கோட்டை வக்கீலோட உக்காந்து தான் போடணும்.

வயசை மறந்துடாதீங்க. மறுபடி கார்டு வாங்கினா எல்லா கடிகாரமும் பூஜ்யத்துலேருந்து ஓடும். சிட்டிசன்ஷிப்புக்கு புதுசா 5 வருஷம், 65 தாண்டினவங்க பணம் கட்டி மெடிகேர் (வயசானவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வாங்கறதுக்கு தொடர்ந்து 5 வருஷம் இங்க வாழ்ந்திருக்கணும், வருமானம் குறைஞ்சவங்களுக்கான மெடிகெய்டுக்கும் பொதுவா 5 வருஷம். அம்மா 78 வயசுல வந்தா 83 வரைக்கும் மார்க்கெட்பிளேஸ்ல வாங்கற மருத்துவ பாலிசியோ, உங்க கைக்காசோ தான். மறுபடி மெடிக்கல், தடுப்பூசி, போலீஸ் கிளியரன்ஸ், மும்பை இன்டர்வியூ, அந்த உடம்போட இதெல்லாம் பண்ணணும். நான் பாத்ததுல "மறுபடி" கஷ்டமானது ஆபீசராலயோ பழைய சரண்டராலயோ இல்ல, இந்த அலைச்சலால தான்.

என் அபிப்பிராயம் கேட்டா, அப்பா கண்டிப்பா திரும்ப மாட்டேன்னு சொல்றாருன்னா அவரோடதை டேக்ஸ் சரி பண்ணிட்டு கொடுத்துடுங்க, இழுத்துப் பிடிக்கறதுல பிரயோஜனம் இல்ல. அம்மாவுக்கு மனசு இருந்தா, வக்கீலைப் பாத்துட்டு, உள்ளதைச் சொல்லி நேரா ஒரு தடவை வர முயற்சி பண்ணலாமான்னு கேளுங்க, ஏர்லைன்லயே 1 வருஷம் தாண்டின கார்டுக்கு ஏத்தமாட்டேன்னு சொல்ல வாய்ப்பு இருக்கறதால அதையும் சேத்துக் கேளுங்க. வந்து சேந்து அனுமதி கிடைச்சா முதல் வேலையா ரீ-என்ட்ரி பர்மிட் போடுங்க.

அனுப்பும்போது இதை மட்டும் விடாம செய்யுங்க. கார்டோட முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் ஸ்கேன் பண்ணுங்க, அதுல இருக்கற ஏ-நம்பரை (இமிக்ரேஷன் ஃபைல் நம்பர்) தனியா எழுதி வைங்க, அடுத்த தடவை ஒவ்வொரு ஃபார்ம்லயும் கேப்பாங்க. கான்சுலேட்ல கொடுக்கலாம்னு சென்னைக்கு அலையாதீங்க, ரொம்ப அபூர்வமா தான் அங்க வாங்கறாங்க, ஃபார்மோட இன்ஸ்ட்ரக்ஷன்ல அன்னிக்கு போட்டிருக்கற முகவரியைப் பாத்து அதுக்கே அனுப்புங்க. கையெழுத்து போட்ட ஐ-407 காப்பி, அனுப்பின ரசீது, போய் சேந்த தேதி, அங்கேருந்து வர்ற பதில் கடிதம், நாலையும் ஒரே ஃபைல்ல போட்டு ஒரு செட் உங்ககிட்ட, ஒரு செட் தஞ்சாவூர்ல வைங்க. டேக்ஸுக்கு அந்த தேதி தான் கணக்கு, விசிட்டர் விசா இன்டர்வியூல அந்த கடிதத்தை தான் கேப்பாங்க, என்னிக்காவது நீங்க மறுபடி ஐ-130 போட்டீங்கன்னா, முதல் தடவை எப்படி முடிஞ்சுதுன்னு காட்டப் போறதும் அதே ஃபைல் தான்.